ஐந்தாவது ஃபவுல்

சிதம்பரத்தில் நான்கு புள்ளியில் தோற்ற அன்றே
எங்கள் ஆண்டு முடிந்துவிட்டது.
ஜெயித்திருந்தால் பல்கலைக்கழக அணித் தேர்வு,
அங்கிருந்து தென்மண்டலம்,
அங்கிருந்து முத்திரை விழுந்த ஒரு படிவம்.
அந்த ஒற்றைத் தாளுக்கு
ரயில்வேயில் ஒரு நாற்காலி, போலீஸில் ஒரு தொப்பி
என்று கணக்கு வைத்திருந்தாள் கார்குழலி.
அதே கணக்கை அவள் வீட்டில்
கடன்காரரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்துப் புதுச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது.
உப்பளத்தில் செலஸ்தேன் நினைவுக் கோப்பை.
பைக்கில் போய்த் திரும்பாத மகன் பேரில்
இரும்புக்கடை லூர்துசாமி நடத்துவது.
எட்டு அணி. தோற்றாலும் மதியச் சாப்பாடு.
சான்றிதழ் உண்டு;
எந்த அலுவலகத்திலும் அதைக் கையில் வாங்கமாட்டார்கள்.

“அப்புறம் எதுக்குடி?” என்றாள் கார்குழலி.
“ஹாஸ்டல்ல இன்னும் ஒரு வாரம் இருக்கலாம்ல” என்றாள் நிலோஃபர்.
நெல்லிக்குப்பத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க
அந்த வாரம்தான் வருவதாக இருந்தார்கள்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
ஒருத்தி பந்துக்குக் காற்றடிக்கப் போனாள்.

நான் பதினைந்தாம் எண்.
சட்டைகள் நான்கில் தொடங்கிப் பதினைந்தில் முடியும்;
யாருக்கும் பொருந்தாத அளவு கடைசியில் மிஞ்சும்.
தண்ணீர் பாட்டில், வலி ஸ்ப்ரே, கைதட்டல்
இவை என் இலாகாக்கள்.
மூன்று ஆண்டுகளாய் ஸ்கோர் ஷீட்டில்
என் பெயருக்கு நேரே இருந்த கட்டங்களில்
ஒரு பேனாவும் இறங்கியதில்லை.
நல்லொழுக்கச் சான்றிதழ் மாதிரி அப்படியொரு வெள்ளை.

அரையிறுதியில் தோற்றோம்.
மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தைக் காலை ஆறு மணிக்கு வைத்தார்கள்,
மாலையில் இறுதிப்போட்டிக்குப் பந்தல் போட வேண்டுமாம்.
பார்வையாளர்கள்: நடைப்பயிற்சிக்காரர் நால்வர்,
பால்கேனுடன் நின்ற ஒருவர்,
மாலை போட்ட செலஸ்தேன் படம்,
அதன் பக்கத்தில் லூர்துசாமி.

அமலிக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது.
வினோதினி அரியர் எழுதப் போய்விட்டாள்.
பிரிசில்லாவுக்கு நேற்றைய மீன்குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை.
இரண்டாம் கால்பகுதியில் என் பெயர் கூப்பிட்டார்கள்.
திரும்பிப் பார்த்தேன்,
எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

காரைக்கால் அணியின் ஏழாம் எண்
கையில் சோப்பு தடவிய மீன்.
பிடிக்கப் போனேன், கையில் அடித்தேன். விசில்.
மறித்தேன், மார்பில் மோதினாள். விசில்.
எனக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில்
முதலாவது வளையத்துக்கே எட்டவில்லை,
இரண்டாவதைக் கடல்காற்று வாங்கிக்கொண்டது.
பிறகு இன்னொரு விசில். இன்னும் ஒன்று.
கடைசிக் கால்பகுதியில்
நடுவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்,
நான் வெளியே போக வேண்டுமென்று.

வெட்கமாகத்தான் இருந்தது, முதல் பத்து அடிக்கு.
பிறகு உறைத்தது:
ஐந்து ஃபவுல் வாங்குமளவுக்கு
நான் உள்ளே இருந்திருக்கிறேன்.
சிதம்பரத்தில் இதற்கு இடமில்லை.
முக்கியமான ஆட்டங்களில்
என்னைப் போன்றவர்கள் தப்பே செய்வதில்லை.
லூர்துசாமி எழுந்து நின்று கைதட்டினார்.
விதிகள் அவருக்குத் தெரியாது போலும்.
அல்லது, களத்தைவிட்டு நடந்து வருகிற யாருக்கும்
அவர் கைதட்டுவார்.

மூன்று புள்ளியில் ஜெயித்தோம்.
கார்குழலி மட்டும் பத்தொன்பது,
எந்தப் படிவத்திலும் ஏறாத பத்தொன்பது.
பரிசு ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ்.
பன்னிரண்டு பேருக்குப் பத்து.
எனக்கு வேண்டாமென்றேன்;
ஸ்கோர் ஷீட்டை போனில் படமெடுத்திருந்தேன்,
ஐந்து கட்டமும் நிரம்பி.

பெண்ணையாறு தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட்.
புதுச்சேரியிலிருந்து வரும் பையென்றால்
பாட்டில் இருக்குமென்பது அவர்கள் கணக்கு.
கார்குழலியின் ஹாட்பாக்ஸைத் திறந்தார் காவலர்.
உள்ளே சுருட்டிவைத்த சான்றிதழ்.
விரித்தார். டார்ச் அடித்தார்.
பெயர், கல்லூரி, தேதி எல்லாம்
வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார்.
அரசாங்கத்தில் அதை முழுக்கப் படித்தவர்
அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“மூணாவதா?”
“ஆமா சார்” என்றாள், “மூணாவது.”
மூடியை அவரே திருகி மூடிக் கொடுத்தார்,
சூடு ஆறிவிடக் கூடாது என்பதுபோல.